சம்பள பாக்கி வழக்கில் முதலாளி எதிர்த்து நின்றால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பகுதியில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. சம்பள பாக்கிக்கு மனு போடுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்கள் குறைவு. போட்ட பிறகு என்ன நடக்கிறது என்று புரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம். "நம்ம பக்கம் தீர்ப்பு ஆயிடுச்சுன்னு சொன்னாங்க, பணம் மட்டும் வரலை" என்று சொல்லி, கையில் ஒரு மஞ்சள் பையோடு நிற்பார்கள். அந்தப் பைக்குள்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

முதலாளி தரப்பு எந்தக் கட்டத்தில் என்ன சொல்லி எதிர்க்கும், அதற்கு நாம் என்ன வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இது இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டில் நடக்கிற நடைமுறைப்படி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. ஏற்கெனவே போட்ட வழக்குகளில் இன்னும் பழைய சட்டங்களின் பெயர்தான் ஓடுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சம்பள பாக்கிக்கு எங்கே மனு போடுவது?

இரண்டு முக்கியமான வழிகள். ஒன்று, தொழிலாளர் துறையில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி. முன்பு 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டம் என்று தனித்தனியாக இருந்தது. இப்போது 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 45ஆவது பிரிவில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. பல பேர் சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம், பதிவு பெற்ற சங்கமும் போடலாம்.

இன்னொன்று, தொழிலாளர் நீதிமன்றத்தில் கணக்கிட்டு வாங்கும் மனு. பழைய தொழிற்தகராறு சட்டத்தின் 33சி(2) என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் இதற்கு இணையானது 59ஆவது பிரிவு.

எதில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எதிர்ப்பும் வரும். அவசரத்தில் ஏதோ ஒன்றில் போட்டுவிட்டு, நாலு வருடம் கழித்து "தவறான இடத்தில் போட்டீர்கள்" என்று கேட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"இவர் எங்கள் ஆளே இல்லை" என்று கம்பெனி பதிலுரையில் எழுதிவிட்டதே?

எழுதுவார்கள். நான் பார்த்த பதிலுரைகளில் பாதிக்கு மேல் முதல் பத்தியே இதுதான். இதைப் படித்துவிட்டு அழுதவர்கள் உண்டு. எட்டு வருடம் ஒரே மிஷினில் உட்கார்ந்தவரை "யாரென்றே தெரியாது" என்று ஸ்டாம்ப் பேப்பரில் அச்சடித்துக் கொடுத்தால் யாருக்குத்தான் வலிக்காது?

சட்டத்தில் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பளத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளி மேல். புதிய ஊதியத் தொகுப்பின் 59ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்று காட்டும் பாரம் உங்கள் மேல்தான். 'கொடுத்தேன்' என்று சொன்னால் அவர் நிரூபிக்க வேண்டும். 'ஆளே தெரியாது' என்று சொல்லிவிட்டால் முதலில் நாம் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் அவர்களுக்கு அந்த இரண்டாவது வரி அவ்வளவு பிடிக்கிறது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு. சனிக்கிழமை சம்பளம், கையில் ரொக்கம், சீட்டு கிடையாது. பதினோரு வாரச் சம்பளத்தை நிறுத்தி வைத்து, யூனிட்டையே பூட்டிவிட்டார்கள். அவரிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதிக்கு எதிரே 1, 1½, 2 என்று ஷிப்ட் கணக்கு, பக்கத்தில் வாங்கிய அட்வான்ஸ். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் கேட்டார்: "இதெல்லாம் வழக்குக்காக ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதுதானே?" அம்மா நோட்டை வாங்கி ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்த வாரம் மட்டும் பச்சை நிறம். "தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டுல பேனா தீர்ந்துபோச்சுங்க. பேரனோட ஸ்கெட்ச் பேனாவுல எழுதினேன். ஒரே நாள்ல எழுதியிருந்தா எதுக்குங்க ரெண்டு பேனா?" அதிகாரி நோட்டைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அப்புறம் கம்பெனியைப் பார்த்து, அதே வாரங்களின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார். மூன்று வாய்தாவுக்கும் வரவில்லை. உத்தரவு அம்மாவுக்குச் சாதகமாக வந்தது.

இதற்குச் சட்டத்திலும் பலமான ஆதாரம் உண்டு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்ததாகச் சட்டம் ஏற்பதற்குத் தேவையான 240 நாள் வேலையை யார் நிரூபிப்பது என்ற கேள்வியில், தொழிலாளி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, பதிவேடுகளைக் கேட்டு மனுவும் போட்டால், அதற்கு மேல் கம்பெனி என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும் என 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமைப்பு சாராத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டோ நியமனக் கடிதமோ கிடைப்பதில்லை என்ற நடைமுறை உண்மையை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதனால் இரண்டு வேலைகளைத் தவறாமல் செய்யுங்கள்: கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லுங்கள், பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லி எழுத்து மூலம் மனு போடுங்கள். அந்த மனு இல்லாமல், "அவர்கள் பதிவேட்டைக் காட்டவில்லை" என்று கடைசியில் வாதாடி அதிகம் பயனில்லை.

நோட்டு இல்லாவிட்டால் வேறென்ன? பி.எஃப். கணக்கில் கம்பெனி பெயர், இ.எஸ்.ஐ. அட்டை, வங்கிக் கணக்கில் வந்த தொகை, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ("நாளைக்கு நைட் இருக்கு, வந்துடு"), கேட் பாஸ், ஆயுத பூஜையன்று மிஷின் முன்னால் எடுத்த படம், கூட வேலை பார்த்தவரின் சாட்சியம். போனை மாற்றும்போது அந்தச் செய்திகள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு முடியும் வரை பழைய போனை விற்காதீர்கள்.

நான் கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தேன். கம்பெனி "அவரைக் கேள்" என்கிறது, கான்ட்ராக்டர் போனையே எடுப்பதில்லை.

இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4) பிரிவுப்படி, கான்ட்ராக்டர் கொடுக்காத சம்பளத்தை முதன்மை முதலாளி கொடுத்துவிட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிய தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. "எனக்கும் அவருக்கும் கணக்கு முடிந்துவிட்டது, பில்லை செட்டில் செய்துவிட்டேன்" என்று கம்பெனி சொல்வது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ள விவகாரம். உங்கள் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கான்ட்ராக்டரை மட்டும் சேர்த்து மனு போட்டு, அவர் ஊரை விட்டுப் போன பிறகு வந்து நிற்காதீர்கள்.

வேலையை விட்டு வரும்போது "எல்லாம் வாங்கிவிட்டேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதைத்தான் இப்போது காட்டுகிறார்கள்.

அது ஆபத்தான காகிதம், ஆனால் முடிவான காகிதம் அல்ல. சட்டம் கொடுத்த ஊதிய உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு பறிக்க முடியாது. பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தின் 23ஆவது பிரிவும் புதிய தொகுப்பும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி இது: அன்றைக்குப் பணம் உண்மையில் கை மாறியதா? எவ்வளவு? ரொக்கம் என்றால் வவுச்சர் எங்கே, அந்த நாள் கேஷ் புத்தகம் எங்கே?

வெத்துப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை மனுவிலேயே முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் காட்டிய பிறகு சொன்னால் சாக்குச் சொல்வது போல் இருக்கும். இன்னொன்று, அப்படிக் கையெழுத்து வாங்கிய ஒன்றிரண்டு நாளுக்குள் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தால் அதற்கு இருக்கிற மதிப்பே தனி. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி கேட்கிறார்கள்.

எந்தச் சட்டத்தில் போட்டீர்கள் என்று பாருங்கள். பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் கெடு 12 மாதம். குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 6 மாதம். இரண்டிலும் போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். புதிய ஊதியத் தொகுப்பில் இது 3 வருடம். உண்மையான முன்னேற்றம் இது. வேலையில் இருந்துகொண்டே கேஸ் போட யாரும் துணிவதில்லை, வெளியே வந்த பிறகுதான் போடுகிறார்கள்.

33சி(2) மனுவுக்குக் கெடு கிடையாது என்று 1963இல் பாம்பே கேஸ் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும், பழைய தேதிப் பாக்கிக்குப் புதிய மூன்று வருடம் பொருந்துமா என்பதையே எதிர்த்தரப்பு ஒரு வாதமாக்கும். அந்த வாதத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? வருடம் திரும்புவதற்குள் போட்டுவிடுங்கள்.

"இந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமே இல்லை" என்கிறார்களே, அது என்ன?

முதலாளி தரப்பின் ஆயுதங்களில் மிகக் கூர்மையானது இதுதான். உயர் நீதிமன்றத்தில் தொழிலாளிக்குச் சாதகமான உத்தரவு உடைவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

33சி(2) என்பது, ஏற்கெனவே இருக்கிற உரிமையைப் பணமாகக் கணக்கிட்டுத் தரும் இடம். புதிதாக ஓர் உரிமையைத் தீர்மானிக்கும் இடம் அல்ல. ஒரு கடன் பத்திரத்தை நிறைவேற்றுகிற மாதிரி. உதாரணமாக, நாள் கூலி 600 ரூபாய் என்று ஒப்பந்தம் இருக்கிறது, 40 நாள் கொடுக்கவில்லை. 24,000 ரூபாய். கணக்குத்தான், நீதிமன்றம் தரலாம். ஆனால், "பக்கத்து மிஷினில் இருக்கிற நிரந்தரத் தொழிலாளிக்கு 900, எனக்கு 600, வேலை ஒன்றுதான், வித்தியாசத்தைக் கொடு" என்று கேட்டால், வேலை சமமா இல்லையா என்பதை முதலில் யாராவது தீர்மானிக்க வேண்டும். அது முடியாமல் நேரே 33சி(2)க்கு வர முடியாது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலித் தொழிலாளர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அவர்கள் கேட்டது நியாயம்தான்; கேட்ட வாசல்தான் வேறு.

அதற்காக, முதலாளி மறுத்தாலே நீதிமன்றம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. 1963இல் சென்ட்ரல் பாங்க் வழக்கில், கணக்கிடுவதற்குத் தேவையான அளவுக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கலாம், ஒரு தீர்ப்பாயத் தீர்ப்புக்கோ ஒப்பந்தத்துக்கோ பொருள் சொல்லலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீல் கையில் அந்தத் தீர்ப்பு இருக்க வேண்டும்.

ஆனால் 2022 பிப்ரவரியில் வந்த பாம்பே கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளி–தொழிலாளி உறவையே கம்பெனி மறுத்து, அது முன்பே எங்கும் தீர்மானமாகாமல் இருந்தால், 33சி(2)இல் அதைத் தீர்மானிக்க முடியாது என்கிறது அது. அதனால்தான் "எங்கள் ஆளே இல்லை" என்ற அந்த முதல் பத்தி இவ்வளவு சாதாரணமாக வருகிறது. ஒரே வரியில் வழக்கை உடைக்கப் பார்க்கிறார்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. கையில் நியமனக் கடிதமோ பி.எஃப். பதிவோ இருந்தால் 33சி(2) போகலாம். நோட்டும் சாட்சியும் மட்டும் இருந்தால் அந்த வழியில் போகாதீர்கள். ஊதிய அதிகாரி முன் போங்கள், அல்லது தொழிற்தகராறாக எழுப்பி சமரச அலுவலர் முன் தொடங்குங்கள். நேரம் கூடப் பிடிக்கும். ஆனால் மேலே போய் உடையாது.

நான் சூப்பர்வைசர். "நீ தொழிலாளியே இல்லை" என்கிறார்கள்.

விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் முக்கியம். பழைய தொழிற்தகராறு சட்டத்தில் மேற்பார்வை வேலை பார்ப்பவருக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற வரம்பு இருந்தது, புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் 18,000. ஊதியம் வழங்கல் சட்டத்திலும் 24,000 என்ற உச்சவரம்பு இருந்தது. புதிய ஊதியத் தொகுப்பு அந்தக் கதவைத் திறந்துவிட்டது: மேலாளர் உட்பட எல்லா ஊழியருக்கும் சம்பளம் காலத்தோடு தர வேண்டும், சம்பள வரம்பு இல்லை. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"நீ ஏற்படுத்திய நஷ்டத்தில் கழித்துக்கொண்டோம்" என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

நஷ்டத்துக்குப் பிடிக்க வேண்டுமானால் உங்கள் கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்று காட்ட வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வழக்குப் போட்ட பிறகு தட்டச்சு செய்த நஷ்டக் கணக்கில் இது எதுவும் இருக்காது. "எனக்கு எந்த மெமோவும் வரவில்லை" என்ற ஒரு வரி சாட்சியம் போதும், மீதியை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. கம்பெனி ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டது. இனி எத்தனை வருடம்?

எல்லோருக்கும் மனது விட்டுப்போவது இந்த இடத்தில்தான். மற்ற எல்லாவற்றையும் விட இங்கேதான் நீங்கள் விழித்திருக்க வேண்டும்.

தொழிலாளர் நீதிமன்ற உத்தரவை எதிர்த்துக் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடும். ரிட்டில் சாட்சியத்தை மறுபடி முதலிலிருந்து எடைபோட மாட்டார்கள். அதிகார வரம்பு மீறலா, வெளிப்படையான சட்டப் பிழையா, கேட்காமலே முடிவு செய்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே கீழே நன்றாக நடத்திய வழக்கு மேலே எளிதில் கவிழாது. ஆனால் ஸ்டே கிடைத்தால் போதும், கம்பெனிக்கு நேரம் கிடைத்துவிடும். அதைத்தான் கேட்டு வருகிறார்கள்.

தீர்ப்பு வந்த வாரத்திலேயே கேவியட் போடுங்கள். உங்களைக் கேட்காமல் தடையாணை கொடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் பதிவு செய்து வைப்பது இது. 90 நாள் உயிரோடு இருக்கும், அந்தக் கெடு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்யாததால், ஸ்டே வந்த விஷயமே எட்டு மாதம் கழித்துத் தெரிந்தவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஸ்டே கேட்கும் நாளில் நம் வக்கீல் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்: பணத்தைக் கட்டச் சொல்லுங்கள். முழுத் தொகையையோ பாதியையோ நீதிமன்றத்தில் கட்டினால்தான் தடை என்று நிபந்தனை விதிக்கக் கேட்க வேண்டும். அந்தத் தொகை வங்கி வைப்பில் இருக்கும், ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள அனுமதியும் கேட்கலாம். பணம் கட்டிவிட்ட முதலாளிக்கு இழுத்தடிக்க ஆர்வம் குறைந்துவிடும். நான் கண்ணால் பார்த்த உண்மை இது.

பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் இது சட்டத்திலேயே இருந்தது. அதிகாரியின் உத்தரவை எதிர்த்து முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் 30 நாளுக்குள் செய்ய வேண்டும், தொகையைக் கட்டியதற்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும். பணிக்கொடைச் சட்டத்திலும் அப்படியே. புதிய ஊதியத் தொகுப்பில் ஒரு படி உயர்ந்த அதிகாரியிடம் 90 நாளுக்குள் மேல்முறையீடு என்று இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே பணம் கட்டும் அந்த நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. கெடுவை மூன்று வருடமாக்கிக் கொடுத்த கையால் இதை எடுத்துவிட்டார்கள். என் பார்வையில் இது பெரிய இழப்பு. அதனால் இனிமேல் நாம்தான் ஒவ்வொரு முறையும் வாய் திறந்து கேட்க வேண்டும்.

வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அதற்கும் ஸ்டே. இடையில் எப்படிச் சாப்பிடுவது?

இதற்கென்றே பழைய தொழிற்தகராறு சட்டத்தில் 17பி என்று ஒரு பிரிவு 1982 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ போனால், வழக்கு முடியும் வரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, வேறெங்கும் வேலையில் இல்லை என்று ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வது. புதிய தொகுப்பிலும் இந்த ஏற்பாடு உண்டு.

"கடைசியில் தோற்றால் திருப்பிக் கட்டணுமா?" என்று பயந்து இதைக் கேட்காமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டியதில்லை. இது பிழைப்பூதியம் மாதிரி, திரும்பப் பெறத்தக்கது அல்ல என்று 1997இல் தேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பத்திரத்தில் பொய் சொல்லாதீர்கள். எங்காவது சம்பளத்துக்குப் போய்க்கொண்டு 'வேலை இல்லை' என்று எழுதினால், கம்பெனி அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவரும். முழு வழக்கிலும் உங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும்.

வேலையை விட்டு நிறுத்திய காலத்துச் சம்பளத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

2013இல் மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது: நீக்கம் தவறு என்று ஆகிவிட்டால், தொடர் பணியும் பின்சம்பளமும்தான் வழக்கமான நிவாரணம். "எனக்கு இந்தக் காலத்தில் வேலை இல்லை" என்று தொழிலாளி மனுவில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், இல்லை, வேறிடத்தில் சம்பாதித்தார் என்று காட்டும் பாரம் முதலாளிக்கு. அந்த ஒரு வரி மனுவில் இல்லாமல் போனதால் பின்சம்பளம் பாதியாகக் குறைந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். மனுவை எழுதுகிறவரிடம் கேட்டு அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

"தொழில் நஷ்டம், பணமே இல்லை" என்பது நீதிமன்றத்தில் எடுபடுமா?

பார்த்த வேலைக்கான சம்பளத்துக்கு அது பதில் ஆகாது. கொரோனாவின் தொடக்கத்தில் ஆந்திர அரசு ஊழியர் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒரு பகுதி தள்ளிவைத்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாக்கிக்கு 6 சதவீத வட்டி போட்டுக் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் 12 சதவீதம் சொல்லியிருந்தது, அதைக் குறைத்தது, அவ்வளவுதான்.

வேலையே நடக்காத காலத்துச் சம்பளம் வேறு கதை. ஊரடங்கு நாட்களுக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்ற 2020 மார்ச் 29 மத்திய அரசு உத்தரவை எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த உத்தரவு மே 18 முதல் திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 12 அன்று நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வழிசெய்து, கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. சங்கம் இருந்த இடத்தில் பேச்சு நடந்தது. சங்கம் இல்லாத இடத்தில் யார் யாரிடம் பேசுவது?

கம்பெனி திவால் என்று என்.சி.எல்.டி.க்கு (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போய்விட்டது. எங்கள் வழக்கு?

தடைக்காலம் அறிவித்த நாளிலிருந்து அந்தக் கம்பெனி மேல் இருக்கும் வழக்குகள் அப்படியே நிற்கும். அலைந்து பயனில்லை. செய்ய வேண்டியது, நியமிக்கப்படும் தீர்வு அதிகாரியிடம் கெடுவுக்குள் உங்கள் பாக்கியை எழுதிக் கொடுப்பது. பத்திரிகையில் வரும் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். கலைப்புக்குப் போனால், அதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கிகளுக்கு இணையான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம், அடுத்த படியில். பி.எஃப்., பணிக்கொடை நிதியில் இருக்கும் பணத்தைக் கடன்காரர்கள் தொட முடியாது.

தீர்வு நடவடிக்கை நடந்த காலத்துச் சம்பளமும் முன்னுரிமையில் வேண்டுமானால், கம்பெனி அப்போது ஓடியிருக்க வேண்டும், நீங்கள் உண்மையில் வேலை பார்த்திருக்க வேண்டும். ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர்கள் வழக்கில் 2022 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அது. ஆகவே அந்தக் காலத்தில் கேட்டுக்குள் போய்வந்ததற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி வரவே இல்லை, ஒருதலைப்பட்ச உத்தரவு கிடைத்தது. சந்தோஷப்படலாமா?

பாதி. உத்தரவு கம்பெனி கைக்குப் போன பிறகு "எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை" என்று அதை ரத்து செய்யக் கேட்டு வருவார்கள். அதனால் நோட்டீஸ் சரியான முகவரிக்குப் போனதற்கான தபால் அட்டையைக் கட்டில் சேர்த்து வையுங்கள். எதிர்த்தரப்பு இல்லாவிட்டாலும் சாட்சியத்தை முழுமையாகக் கொடுங்கள். ரத்து செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், செலவுத் தொகை கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மேல்முறையீடும் முடிந்தது. இன்னும் பணம் வரவில்லை.

வசூல் சான்றிதழ் கேட்டு மனு போட வேண்டும். அது கலெக்டருக்குப் போய், நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கப்படும். கலெக்டர் அலுவலகத்திலிருந்து தாசில்தாருக்கு வரும். அங்கே கோப்பு தூங்கும். கம்பெனியின் சொத்து எங்கே இருக்கிறது, மிஷின்கள் எந்தக் குடோனில், வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் நகரும். உங்கள் பழைய சம்பளக் காசோலையில் இருக்கும் கிளைப் பெயர் கூட உதவும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். உயர் நீதிமன்றத்துக்கும் இது உண்டு. ஸ்டே நோட்டீஸ் வந்த அன்றைக்கே போங்கள்.

பாதித் தொகைக்கு ராஜி பேசுகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

உங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். ஒத்துக்கொண்டவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒரே நிபந்தனை: பேசியது அதிகாரி முன்போ நீதிமன்றத்திலோ எழுத்தாகட்டும், பணம் வங்கி வரைவோலையாக வரட்டும். அது கைக்கு வந்த பிறகு வழக்கை முடியுங்கள். பின்தேதியிட்ட காசோலையை நம்பி வாபஸ் வாங்கி, காசோலை திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர்கள் உண்டு.

வழக்கு நடக்கும்போதே என் கணவர் இறந்துவிட்டார். வழக்கும் முடிந்ததா?

இல்லை. வாரிசாக உங்களைச் சேர்க்கச் சொல்லி மனு போடுங்கள். இறந்தவருக்குச் சேர வேண்டிய சம்பளம் நியமனதாரருக்குப் போக வேண்டும், நியமனம் இல்லையென்றால் முதலாளி அதை அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்று ஊதியத் தொகுப்பே சொல்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய வழக்கு எண் மூன்றும் போதும். அவர் எழுதி வைத்த நோட்டு, டைரி, சீட்டு எது இருந்தாலும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.